மிச்சமிருந்த சீட்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீடு, கோயில் கொடை, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "மக்ளே, எந்த காலேஜ்? என்ன பிராஞ்சு கெடச்சு?" கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னால் கேட்ட மாமாவின் முகம் மலரும். வேறு ஏதாவது சொன்னால் ஒரு சின்ன மௌனம். பிறகு, "செரி, கெடச்சத நல்லா படி" என்று ஓர் ஆறுதல்.

2018-ல் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறுவதற்கு முன்பு இது கிட்டத்தட்ட ஒரு யாத்திரை. குமரி மாவட்டத்துப் பையன்கள் அப்பாவோடு சாயங்காலம் ரயில் ஏறி, மறுநாள் காலையில் சென்னையில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். திரையில் காலியிடங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆசைப்பட்டு வந்த பிராஞ்ச் கண் முன்னாலேயே பூஜ்யம் ஆகும். அப்புறம் என்ன, மிச்சம் இருப்பதில் ஒன்று.

அப்படி மிச்சமிருந்த சீட்டில் போய்ச் சேர்ந்தவர்களின் கதை என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இத்தாலியில் இருக்கிறது. இசை சம்பந்தப்பட்ட கதைதான், ஆனால் படிக்க இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பையனின் பெயர் ஜியோவானி பொட்டெசினி. 1821 டிசம்பர் 22-ம் தேதி, மிலானுக்குப் பக்கத்தில் உள்ள க்ரெமா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கிளாரினெட் வாசிப்பவர். பையனுக்குச் சின்ன வயதிலேயே வயலின் கற்றுக்கொடுத்தார்கள். சர்ச் பாடகர் குழுவில் பாடினார். உள்ளூர் நாடக அரங்குகளில் டிம்பனி என்ற பெரிய முரசும் அடித்தார். பையனிடம் விஷயம் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மிலான் இசைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. கையில் பணம் இல்லை. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் உண்டு.

1835-ல் உதவித்தொகையோடு காலியாக இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பஸூன் என்ற ஊதுகருவிக்கு. இன்னொன்று டபுள் பாஸுக்கு. வயலின் கற்ற பையனுக்கு வயலினில் இடம் இல்லை!

பொட்டெசினிக்கு அப்போது 14 வயதுகூட நிரம்பவில்லை. கம்பிக் கருவியாவது பழகியது, ஊதுவது சுத்தமாகப் பழக்கம் இல்லை. எனவே டபுள் பாஸைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்களில் அவசர அவசரமாகப் பழகித் தேர்வுக்குப் போனார். வாசிக்கும்போது சுருதி தப்பிய இடங்கள் இருந்தனவாம். தப்பாக வாசித்தது தனக்கே தெரியும் என்றும், விரலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்ட பிறகு இப்படி நடக்காது என்றும் தேர்வாளர்களிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, இடம் கிடைத்தது உண்மை.

சரி, அந்த டபுள் பாஸ் என்பது என்ன? அதற்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை?

பார்ப்பதற்கு வயலினுக்குத் தாத்தா மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஆறடி உயரம். நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டோதான் வாசிக்க முடியும். வயலினில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். டபுள் பாஸில் அது ஒரு மீட்டரைத் தாண்டும். கம்பி நீளமானால் ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரமும் கூடும். வயலின்காரர் கையை நகர்த்தாமலே நான்கு விரலால் எட்டிப் பிடிக்கிற ஸ்வரங்களுக்கு, டபுள் பாஸ்காரர் கையை மேலும் கீழும் ஓடவிட வேண்டும். இந்தக் கஷ்டத்தால்தான் வயலினின் கம்பிகள் ச-ப இடைவெளியில் சுருதி சேர்க்கப்படும்போது, டபுள் பாஸின் கம்பிகள் அதைவிட நெருக்கமான ச-ம இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன.

சத்தமும் அப்படித்தான். வயலினின் மிகத் தாழ்ந்த கம்பி ஒரு நொடிக்கு 196 தடவை அதிரும். நான்கு கம்பி டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த கம்பி அதிர்வது சுமார் 41 தடவை. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையே ஏறக்குறைய 20-ல் தொடங்குகிறது என்றால் இது எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் இந்த ஆழம் வரவே வராது. நல்ல இயர்போன் மாட்டிக் கேட்டால்தான் அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பது தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு வாசித்தாலும் கவனிக்க ஆள் கிடையாது. முழு அளவிலான ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக முப்பது பேர் வரை வயலின், எட்டுப் பேர் வரை டபுள் பாஸ். மெட்டு முன்னால் இருக்கிற வயலினுக்குப் போகும். பின்னால் நிற்கிற டபுள் பாஸ் அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கும். பொட்டெசினிக்கு முந்தைய தலைமுறைகளில், செல்லோவுக்கு எழுதியதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. தனக்கென்று தனி வரி கிடைப்பதே அபூர்வம்.

நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்கிறது. கொடைக்கு வில் வைத்திருக்கும்போது எல்லோர் கண்ணும் நடுவில் வீசுகோலோடு உட்கார்ந்திருக்கும் புலவர் மேல்தான் இருக்கும். கதை அவர் வாயில், பெயர் நோட்டீசில். பக்கத்தில் ஒருவர் மண்குடத்தின் வாயில் பத்தியால் 'கும் கும்' என்று அடித்துக்கொண்டிருப்பார். அவர் பெயரைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த வில்லே குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டித்தான் நிற்கிறது. குடத்தை எடுத்துவிட்டால் வில் நிற்காது, பாட்டும் நிற்காது. ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பாஸின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இங்கே ஒரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. பொட்டெசினி மிலானில் சேர்ந்த அந்தக் காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதி. ராஜா சுவாதித் திருநாள். அவருடைய அவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1834-ல், அதாவது மிலான் அட்மிஷனுக்கு ஒரு வருடம் முன்பு, ராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த ஒரு வயலினைப் பரிசளித்தார் என்று சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் வயலின் கடல் தாண்டி வந்து நம் இசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதன் தாத்தா மட்டும் வரவில்லை.

காரணம் இருக்கிறது. கர்நாடக இசையில் அடித்தளம் அசையாது. தம்புரா ச-வையும் ப-வையும் மீட்டிக்கொண்டே இருக்கும், ராகம் அதன்மேல் நடக்கும். மேற்கத்திய இசையில் அடித்தளமே நகரும். மேலே ஒரே ஸ்வரம் ஒலித்தாலும், கீழே பாஸ் மாறினால் மேலே உள்ளதன் அர்த்தமே மாறிவிடும். சந்தேகம் இருந்தால் இளையராஜா பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்து, பாடகர் குரலை விட்டுவிட்டு பாஸ் கிதாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். ஒத்திசைவு இருக்கிற இடத்தில்தான் பாஸுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான்கு குரலில் கீதம் பாடிப் பழகிய குமரி மாவட்டத்துப் பையன்களுக்கு, குறிப்பாக பாஸ் வரிசையில் நிற்பவர்களுக்கு, இதை விளக்கவே வேண்டாம்.

மறுபடி மிலானுக்கு வருவோம்.

கல்லூரியில் லூயிஜி ரோஸ்ஸி என்ற ஆசிரியரிடம் பொட்டெசினி டபுள் பாஸ் கற்றார். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. உதவித்தொகை கிடைத்தது டபுள் பாஸுக்கு. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அதே கல்லூரியில் இசையமைப்பும் படித்தார். டபுள் பாஸ் அவரைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் விட்டது. உள்ளே எந்தெந்த வகுப்பில் உட்காருவது என்பதை அவர் பார்த்துக்கொண்டார்.

நான்கே வருடம். 1839-ல் தனி வாசிப்புக்கு 300 பிராங்க் பரிசோடு வெளியே வந்தார். அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு பழைய டபுள் பாஸ் வாங்கினார். மிலானைச் சேர்ந்த கார்லோ அன்டோனியோ டெஸ்டோரே 1716-ல் செய்தது. மூன்றே கம்பிகள். வாழ்நாள் முழுக்க அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டது இந்தக் கருவிதான்.

மூன்று கம்பிகளை வைத்து அவர் செய்த காரியம் கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. கம்பியை அழுத்தாமல், பாதியில், மூன்றில் ஒரு பங்கில், நான்கில் ஒரு பங்கில் என்று குறிப்பிட்ட இடங்களில் லேசாகத் தொட்டு வாசித்தால் புல்லாங்குழல் மாதிரி ஒரு மெல்லிய உயர்ந்த ஒலி எழும். கம்பி நீளமாக இருப்பதால் இது டபுள் பாஸில் மற்ற கருவிகளைவிடத் தெளிவாக வரும். எது அந்தக் கருவியின் கஷ்டமோ அதிலேயே அவர் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். தொண்டை கரகரத்த கிழவர் என்று நினைத்திருந்த கருவி, ஓபராப் பாடகியைப் போலப் பாடத் தொடங்கியது. டபுள் பாஸின் பகனினி என்று பெயர் வந்தது. பகனினி யார் என்று தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்தில் வயலினில் மாயாஜாலம் செய்தவர். பிசாசிடம் ஆத்மாவை விற்றுத்தான் அப்படி வாசிக்கிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பகனினிக்கும் பொட்டெசினிக்கும் வயிற்றுப்பாட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. டபுள் பாஸ் தனி வாசிப்பு என்று ஒரு தொழில் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவில் வேலை பார்த்தாக வேண்டும். 1840-களில் வெனிஸில் ஓர் ஓபரா அரங்கில் வாசித்தார். வெர்டியோடு நட்பு ஏற்பட்டது அங்கேதான். 1846-ல் உடன் படித்த லூயிஜி அர்டிட்டி என்ற வயலின்காரரோடு கப்பல் ஏறி கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். அங்கே டகோன் அரங்கின் ஓபராக் குழுவில் முதன்மை டபுள் பாஸ். அடுத்த வருடமே, 1847-ல், அவர் இசையமைத்த 'கிறிஸ்டோபர் கொலம்பஸ்' என்ற ஓபரா ஹவானாவில் மேடையேறியது. அப்போது வயது 25.

பின்வரிசையில் நிற்பவர் எப்படி ஓபரா எழுதுகிறார் என்று கேட்கலாம். உண்மையில் அந்த இடம் ஒரு நல்ல வகுப்பறை. டபுள் பாஸ்காரருக்கு மெட்டு கிடையாது. ஆகவே மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் ஒத்திசைவு திரும்புகிறது, ஊதுகருவிகள் எங்கே நுழைகின்றன என்பது எல்லாம் தெரிந்தால்தான் அடித்தளம் சரியாக விழும். இரவு இரவாக, ஓபரா ஓபராவாக இதைக் கேட்டவருக்கு ஒரு முழு ஓபரா எப்படிக் கட்டப்படுகிறது என்பது கைப்பழக்கம் ஆகிவிடும். ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதும் அப்படியே. சில வருடங்களில் பொட்டெசினி கண்டக்டர் ஆகிவிட்டார். (பஸ் கண்டக்டர் இல்லை. பஸ் கண்டக்டர் என்றால் இந்த ஆறடிக் கருவிக்குத் தனி லக்கேஜ் டிக்கெட் கேட்டிருப்பார் :-))

1849-ல் லண்டனில் அறிமுகம். 1850-களில் பாரிஸில் இத்தாலிய ஓபரா அரங்கின் கண்டக்டர். பிறகு பலேர்மோ, பார்சிலோனா, மறுபடி லண்டன். ஓபரா நடத்தும் இரவுகளில் இடைவேளையில் அவர் ஓய்வெடுக்க மாட்டார். தன் டபுள் பாஸை மேடைக்குக் கொண்டுவரச் செய்து, அன்றைய ஓபராவின் மெட்டுகளை வைத்துத் தானே கோத்த ஒரு கற்பனைக் கோவையை வாசிப்பார். 'லூசியா', 'சொன்னாம்புலா' ஓபராக்களின் மெட்டுகளில் அவர் செய்த கோவைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

இப்படி அவரே எழுதிக்கொண்டதற்கு ஒரு கட்டாயமும் இருந்தது. வயலின்காரருக்கு வாசிக்க ஆயிரம் உருப்படிகள் இருந்தன. டபுள் பாஸ்காரருக்கு யாரும் எழுதவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் வெனிஸைச் சேர்ந்த டொமெனிகோ டிராகொனெட்டியும் (1763-1846) இதே நிலையில்தான் இருந்தார். லண்டனில் அரை நூற்றாண்டு கோலோச்சிய அவரும் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொண்டார். நல்ல டபுள் பாஸ்காரர் இசையமைப்பாளராகவும் இருப்பது பெருமைக்காக இல்லை, பிழைப்புக்காக. இல்லாவிட்டால் வாசிக்க ஒன்றும் இருக்காது.

ஆனால் பொட்டெசினியின் ஆசை வேறு இடத்தில் இருந்தது. அவர் ஓர் ஓபரா இசையமைப்பாளராகப் பெயர் வாங்க நினைத்தார். 19-ம் நூற்றாண்டு இத்தாலியில் ஓபரா என்பது நம்மூர் சினிமா மாதிரி. பெரிய பெயர் வேண்டுமென்றால் அங்கேதான். வாழ்க்கை முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். 1856-ல் பாரிஸில் ஒன்று, 1858-ல் மிலானில் ஒன்று, 1862-ல் பலேர்மோவில் ஒன்று, 1871-ல் லண்டனில் 'அலிபாபா'. 1880-ல் டூரினில் ஒன்று. அதன் பெயர் 'நேபாள ராணி'! நேபாளத்தை எந்த அளவுக்கு அறிந்து எழுதினார்களோ, அந்தக் காலத்து ஐரோப்பிய மேடைக்குக் கிழக்கு என்றாலே ஒரு மயக்கம் இருந்தது.

அந்த மயக்கத்தின் உச்சம்தான் 'ஆய்டா'. சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதம் கெய்ரோவில் ஒரு புதிய ஓபரா அரங்கையும் எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷா திறந்திருந்தார். அந்த அரங்குக்காக வெர்டி எழுதிய ஓபரா 'ஆய்டா'. 1871 ஜனவரியில் நடக்க வேண்டியது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, பாரிஸ் முற்றுகையில் சிக்கியதால், அங்கே தயாராகியிருந்த காட்சி ஜோடனைகளும் உடைகளும் வெளியே வர முடியவில்லை. கடைசியில் 1871 டிசம்பர் 24-ம் தேதி முதல் அரங்கேற்றம். வெர்டி கெய்ரோவுக்குப் போகவில்லை. ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் கோலோடு நின்றவர் ஜியோவானி பொட்டெசினி. கடைசிக் காட்சியின் இருவர் பாட்டு எப்படி அமைகிறது என்று அறியும் ஆவலில் வெர்டி அவருக்குக் கடிதம் எழுதினார்.

உலகமே பேசிய ஒரு ஓபராவை முதன்முதலில் உயிரோடு ஒலிக்கச் செய்தவர் என்ற பெருமை கிடைத்தது. ஆனால் அது வெர்டியின் ஓபரா. மறுபடியும் இன்னொருவரின் மெட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற வேலை.

சொந்த ஓபராவில் அவருக்கு நல்ல வெற்றி என்று சொல்லத்தக்கது 1879 ஜனவரியில் டூரினில் மேடையேறிய 'ஈரோவும் லியாண்டரும்'. பாட்டுப் புத்தகம் எழுதியவர் அரிகோ போய்ட்டோ. போய்ட்டோ இசையமைப்பாளரும்கூட. தானே இசையமைக்க எழுதியதைக் கைவிட்டு பொட்டெசினியிடம் கொடுத்தார். பின்னாளில் வெர்டியின் 'ஒத்தெல்லோ'வுக்குப் பாட்டுப் புத்தகம் எழுதியவரும் இவரே. அந்த 'ஒத்தெல்லோ'வின் (1887) கடைசி அங்கத்தில், கணவன் கொலை எண்ணத்தோடு படுக்கையறைக்குள் நுழையும்போது டபுள் பாஸ்கள் மட்டும் தனியாக ஒலிக்கும். டபுள் பாஸ்காரர்கள் இன்றும் பயந்து பயந்து பழகுகிற பகுதி அது.

1889-ல் பார்மா இசைக் கல்லூரியின் இயக்குநர் பதவி பொட்டெசினிக்குக் கிடைத்தது. சிபாரிசு செய்தவர் வெர்டி. சில மாதங்கள்தான் அந்த நாற்காலியில் இருந்தார். அதே ஆண்டு ஜூலை 7-ம் தேதி காலமானார். வயது 67.

இனி, ஆரம்பத்துக் கேள்விக்குச் சம்பந்தமான விஷயம். அவர் எழுதியதில் எது மிஞ்சியது?

அவர் உயிரைக் கொடுத்து எழுதிய ஓபராக்கள் வழக்கமான மேடைகளில் இருந்து மறைந்துவிட்டன. எப்போதாவது ஒரு விழாவில் தூசி தட்டி எடுப்பதோடு சரி. போய்ட்டோவின் அதே பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னாளில் இன்னொருவரும் இசையமைத்தார், அதுவும் மறைந்துவிட்டது. அந்தத் தலைமுறையில் வெர்டியின் நிழலில் நின்ற எல்லோருக்கும் நடந்ததுதான் இவருக்கும் நடந்தது. ஆனால் டபுள் பாஸுக்கு எழுதிய கான்செர்ட்டோக்கள், வயலினும் டபுள் பாஸும் போட்டி போட்டுக்கொண்டு வாசிக்கிற அந்த நீண்ட இருவர் உருப்படி, இடைவேளைக்காக எழுதிய கோவைகள், மாணவர்களுக்காக எழுதிய பயிற்சி நூல், இவையெல்லாம் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆசைப்பட்ட துறையில் அவர் பெயர் அடிக்குறிப்பு. மிச்சமிருந்த சீட்டில் அவர் பெயர்தான் தலைப்பு.

இதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, கெடச்சத படிச்சா போதும்" என்று மாமாக்கள் கிளம்பிவிடக் கூடாது. கதை அவ்வளவு சுலபம் இல்லை. மிலானில் டபுள் பாஸ் உதவித்தொகையில் படித்தவர் பொட்டெசினி ஒருவர் மட்டும் இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் பலர் படித்து, ஏதோ ஓர் அரங்கின் பின்வரிசையில் வாசித்து ஓய்வுபெற்றிருப்பார்கள். கிடைத்த சீட் யாரையும் பெரிய ஆளாக்குவதில்லை. பொட்டெசினி தன் ஆசையைக் கழற்றி வைத்துவிட்டு டபுள் பாஸுக்குள் போகவில்லை, அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். ஓபராப் பாட்டின் மேல் இருந்த மோகத்தைக் கொண்டுபோய்ப் பாடவே தெரியாது என்று எல்லோரும் நினைத்த கருவியில் வைத்தார். அவர் டபுள் பாஸ் பாட ஆரம்பித்தது அதனால்தான். ஓபரா மேல் ஆசை இல்லாத ஒருவர் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த உருப்படிகள் பிறந்திருக்காது.

இது ஒருவருக்கு மட்டும் நடந்த அதிசயமா என்றால், இல்லை. ரஷ்யாவில் 1874-ல் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த செர்ஜி கூசெவிட்ஸ்கி, கையில் காசில்லாமல் மாஸ்கோவுக்குப் போய் இசைப் பள்ளியில் இடம் கேட்டார். உதவித்தொகை இருந்தது யாரும் விரும்பாத ஒருசில கருவிகளுக்குத்தான். அவற்றில் ஒன்று, யூகித்திருப்பீர்கள், டபுள் பாஸ்! 1894-ல் போல்ஷாய் அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். டபுள் பாஸுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதி 1905-ல் மாஸ்கோவில் அரங்கேற்றினார். பின்வரிசையில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகியவர் பிறகு கண்டக்டர் ஆனார். 1924 முதல் 1949 வரை, 25 ஆண்டுகள், அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அவர் கையில். நோய்வாய்ப்பட்டு, பணமில்லாமல் நியூயார்க்கில் கிடந்த பார்டோக்குக்கு 1943-ல் ஒரு படைப்பு எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தார். அப்படிப் பிறந்த 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ' 1944 டிசம்பரில் பாஸ்டனில் அரங்கேறியது. அடியில் நின்றவருக்கு அடுத்தவரைத் தாங்குவதும் தெரிந்திருந்தது.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்லியாக வேண்டும். அவர் கதை இந்தியாவைத் தொடுகிறது. எட்கர் மேயர், 1960-ல் அமெரிக்காவில் பிறந்தவர். டபுள் பாஸ்காரர், இசையமைப்பாளர். பொட்டெசினியின் கான்செர்ட்டோக்களையும் தன்னுடையவற்றையும் ஒரே ஆல்பத்தில் சேர்த்து 2002-ல் வெளியிட்டார். பேன்ஜோ வாசிக்கும் பெலா ஃப்ளெக், தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரோடு சேர்ந்து மூன்று கருவிகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கான்செர்ட்டோவை உருவாக்கி, 2006-ல் நாஷ்வில் நகரின் புதிய இசை அரங்கின் தொடக்க விழாவில் வாசித்தார். இதே மூவரும் புல்லாங்குழல் கலைஞர் ராகேஷ் சௌராசியாவும் சேர்ந்த 'ஆஸ் வி ஸ்பீக்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. அதே வருடம் டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். அந்த ஆல்பத்தைக் கேட்டால், தம்புரா இருக்க வேண்டிய இடத்துக்கு டபுள் பாஸ் வந்து, சில நேரம் தம்புரா மாதிரி அசையாமல் நின்று, சில நேரம் நகர்ந்து, நம் தாளத்தோடு உரையாடுவதைக் கேட்கலாம். வடிவேலு காலத்தில் வராத தாத்தா இந்தியக் கலைஞர்களோடு உட்கார இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மேயருக்கும் முதல் இருவருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். மேயர் மிச்சமிருந்த சீட்டில் சேர்ந்தவர் இல்லை. அவருடைய அப்பாவே டபுள் பாஸ் வாசித்தவர். 5 வயதிலேயே அந்தக் கருவியை விரும்பி எடுத்தார். 1835-ல் ஆள் கிடைக்காமல் கிடந்த இடம், 1960-களில் ஒரு குழந்தை ஆசைப்படுகிற இடமாகிவிட்டது. நடுவில் சிலர் வந்து அந்த இடத்துக்கு வேண்டியதை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்கள் பொட்டெசினியின் இரண்டாவது கான்செர்ட்டோவில் இருந்து தொடங்கலாம். இணையத்தில் தேடினால் நிறையக் கிடைக்கும். முடிந்தால் வீடியோவாகப் பாருங்கள், இடது கை ஓடுகிற தூரம் தெரியும். இன்னொன்று, 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. அந்த மாதிரி மேடைகளின் படத்தைப் பார்க்கும்போது எல்லோரும் நடுவில் நிற்பவரைத்தான் பார்ப்போம். ஒரு தடவை ஓரத்தில், ஆளைவிட உயரமான கருவிகளோடு நிற்பவர்களையும் பாருங்கள்.

இன்று பெரிய இசைக் கல்லூரிகளில் டபுள் பாஸ் இடத்துக்குப் போட்டி இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு வருகிறவர்கள் விரும்பி எடுத்து வாசிக்கிற உருப்படிகளில் அந்த இரண்டாவது கான்செர்ட்டோவும் ஒன்று. சில வாரங்கள் மட்டும் பழகிவிட்டு, சுருதி தப்பி வாசித்து, வேறு இடம் இல்லாததால் உள்ளே போன பையன் எழுதியது.